இரவு பத்து மணிக்குப் பிறகு

புனேவுக்கு வந்த புதிதில் ஒரு சான்றிதழுக்காக அலைந்துகொண்டிருந்தேன். ஆட்டோ ஓட்டுநர் என் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்துவிட்டு, "கச்சேரிக்கா?" என்று மராத்தியில் கேட்டார். காலை பத்து மணிக்கு எங்கே கச்சேரி என்று ஒரு கணம் திகைத்தேன். அவர் கேட்டது தாசில்தார் அலுவலகத்தை. மராத்தியில் அந்தச் சொல்லுக்கு இன்றும் அலுவலகம் என்பதே பொருள். பாட்டுக் கேட்கக் கூடுவதற்கு அவர்கள் 'மைஃபல்' என்கிறார்கள். தமிழிலும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. தாலுகாக் கச்சேரி, போலீஸ் கச்சேரி என்று நம் தாத்தாக்கள் பேசினார்கள். மயிலாப்பூரின் கச்சேரி சாலையும் அந்தப் பழைய பொருளில் பெயர் பெற்றதுதான். சுற்றிலும் சபாக்கள் இருப்பதால் பாட்டுக் கச்சேரியை வைத்து வந்த பெயர் என்று பலரும் நினைத்துக்கொள்கிறோம். அரசவை கூடும் கூடமும் வழக்கு விசாரிக்கும் கூடமும் பாட்டுக் கேட்கும் கூடமும் ஒன்றாகவே இருந்த காலத்தில் ஒரு சொல் இவ்வாறு இடம்பெயர்வதில் வியப்பில்லை.

வியப்பு வேறோர் இடத்தில் வந்தது. இந்துஸ்தானி இசை கேட்பவர்கள் பாடகரைப் பாட்டின் நடுவிலேயே "வாஹ்" என்றும் "க்யா பாத் ஹை" என்றும் பாராட்டுவதற்கு 'தாத்' கொடுத்தல் என்று பெயர். பாரசீகத்தில் தாத் என்றால் நீதி. முறையிட்டவனுக்கு மன்னன் வழங்குவதும் தாத், பாடகனுக்குக் கேட்பவன் வழங்குவதும் தாத். நாம் நீதிமன்றத்தின் பெயரை இசைக்கு எடுத்துக்கொண்டோம், அவர்கள் நீதியின் பெயரைப் பாராட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். மொழியியல் படித்தவர்களுக்கு இப்படிப்பட்ட தற்செயல்கள் மீது ஒரு பலவீனம் உண்டு. ஆனால் மூன்று ஆண்டுகளாக இந்த ஊரில் கேட்ட பிறகு, இதை வெறும் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நேரில் கேட்பதன் கிளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கிரானா மரபில் ஒரு கயால் தொடங்கும்போது தாளம் மிக மெதுவாக நகரும். பன்னிரண்டு மாத்திரை கொண்ட ஏக்தாளின் ஓர் ஆவர்த்தனம் முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகலாம். பாடகர் ஒரே ஒரு ஸ்வரத்தின்மேல் நின்று, அதன் அண்டை ஸ்வரங்களைத் தொட்டுத் தொட்டு மீள்கிறார். தபலா தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கிறது. பாடகர் தாளத்தை மறந்துவிட்டாரோ என்று நமக்குத் தோன்றும் வேளையில் அவருடைய சொற்கள் திரள்கின்றன, பல்லவி போன்ற அந்த முகடா வருகிறது, சரியாகச் சமத்தில் வந்து விழுகிறது. அந்தக் கணத்தில் பந்தலில் இருக்கும் ஆயிரக்கணக்கான தலைகள் ஒருங்கே சற்றுத் தாழ்கின்றன. ஒரு 'ஆஹ்' எழுகிறது. யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை.

நம் ஊரில் கேட்பவர்கள் தொடையில் தாளம் போட்டுக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். சமம் எங்கே வரும் என்பது கைக்குத் தெரிந்திருக்கும். இங்கே, குறைந்தபட்சம் அந்த மெதுவான பகுதியில், பெரும்பாலோர் எண்ணுவதில்லை, காத்திருக்கிறார்கள். இரண்டில் எது உயர்ந்தது என்ற வழக்கமான சண்டைக்கு நான் வரவில்லை. காத்திருப்பது வேறு வகைக் கிளர்ச்சி என்று மட்டும் சொல்கிறேன். பதிவிலும் அதே சமம் வருகிறது, ஆனால் அங்கே அது முன்பே வந்து சேர்ந்துவிட்டது. நேரில் கேட்கும்போது அது தவறவும் கூடும். அந்த 'கூடும்' இருப்பதால்தான் உடம்பு முன்னோக்கிச் சாய்கிறது. கிராமத்தில் கதை சொல்லும் பாட்டிக்கு எதிரே இருப்பவர் 'உம்' கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும். உரையாடலில் கேட்பவரின் பங்கைப் பற்றி வகுப்பில் எவ்வளவோ படித்தேன், ஆனால் இந்த உம்மைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை. தாத் என்பது அந்த உம்தான்.

ஆனால் இந்த உம்மைக் கொட்ட யாருக்கு உரிமை இருந்தது என்று கேட்டால் வரலாறு தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கயால் பாட்டு அரண்மனைகளிலும் செல்வர் மாளிகைகளிலும் நாட்டியமகளிர் வீடுகளிலும் ஒலித்தது. கேட்டவர்கள் சில பத்துப் பேர். அவர்களில் ஒருவருடைய தாத் மட்டுமே உண்மையில் எண்ணப்பட்டது, சம்பளம் கொடுப்பவருடையது. இந்த ஏற்பாட்டை உடைத்தவர்களில் முக்கியமானவர் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர். 1872-இல் பிறந்தவர், சிறு வயதில் பட்டாசு வெடித்துக் கண்பார்வை பெரிதும் பழுதுபட்டவர். மிரஜில் பாட்டுப் பயின்றுவிட்டு 1896-இல் வெளியே கிளம்பினார். அடுத்த சில ஆண்டுகளில் சௌராஷ்டிரத்தில் நுழைவுச்சீட்டு வைத்துப் பொதுமக்களுக்காகப் பாடினார். இந்துஸ்தானி இசையில் இப்படி நடந்த முதல் நிகழ்ச்சிகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. 1901 மே மாதம் லாகூரில் கந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். நுழைவுச்சீட்டு என்பது இன்று நமக்கு ஒரு துண்டுக் காகிதம். அன்று, பாட்டுக்கு நீதி வழங்கும் அதிகாரம் மன்னரிடமிருந்து காசு கொடுத்த எவருக்கும் கைமாறியது என்பதே அதன் பொருள். இதே கைமாற்றத்தில் நாட்டியமகளிர் ஓரங்கட்டப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மதிப்புக்குரிய பொது இசை என்ற கட்டடம், அந்த இசையைக் காத்துவந்த பெண்களுக்கு வாசலைச் சாத்திவிட்டுத்தான் எழுந்தது.

மகாராஷ்டிரத்தில் பொதுமக்களைக் கேட்பவர்களாகப் பழக்கியது இன்னொன்றும் உண்டு, நாடகமேடை. 1880 அக்டோபர் கடைசியில் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் புனேவில் 'சங்கீத சாகுந்தல்' நாடகத்தை மேடையேற்றினார். அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகள் மராத்தி நாடகம் என்றால் பாட்டுதான். பால கந்தர்வர் ஒரு பாட்டைப் பாடி முடித்ததும் கொட்டகை "ஒன்ஸ்மோர்" என்று அதிரும். அவர் மறுபடி பாடுவார். நாடகம் விடியும்வரை நீளும். நம் கிட்டப்பா காலத்துக் கொட்டகைகளிலும் இதே கூச்சல் கேட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் ஆளுக்கொரு முறை சொல்லும் இரண்டு சொற்கள் மராத்தியில் ஒட்டிக்கொண்டு ஒரே பெயர்ச்சொல்லாகிவிட்டன. இன்ன பாட்டுக்கு 'ஒன்ஸ்மோர் கிடைத்தது' என்கிறார்கள், பரிசு கிடைத்ததைச் சொல்வதுபோல.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் நின்றவர் அப்துல் கரீம் கான். கிரானா மரபின் பெயரே இவர் பிறந்த கைரானா என்ற ஊரிலிருந்து வந்தது. இன்றைய உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. பரோடா அரசவையில் பாடியவர், அதை விட்டு வெளியேறி மராத்தி, கன்னட நாடுகளில் ஊர் ஊராகப் பாடினார். 1913-இல் புனேவில் ஓர் இசைப்பள்ளி நிறுவினார். பின்னர் மிரஜில் குடியேறினார். மைசூர் தசராவுக்கும் சென்னைக்கும் வருவார். கர்நாடக இசையை இவ்வளவு அக்கறையுடன் காது கொடுத்துக் கேட்ட வடநாட்டுப் பாடகர் அந்தத் தலைமுறையில் வேறொருவர் இருந்தாரா என்பது சந்தேகமே. கரகரப்பிரியாவில் தியாகராஜர் கிருதி ஒன்றைப் பாடி ஒலித்தட்டாகவும் வெளியிட்டிருக்கிறார். தார்வாடுக்கு வரும்போது அம்பாபாய் என்ற கர்நாடக இசைப் பாடகியின் வீட்டுக்குப் போய் அவர் பாடக் கேட்பார். அந்த வீட்டுச் சிறுமிதான் பின்னாளில் கங்குபாய் ஹங்கல். மகள் இந்துஸ்தானி பயிலத் தொடங்கியதும், தன் பாட்டு அவள் காதில் விழுந்து குழப்பிவிடக்கூடாது என்று அம்பாபாய் தன் கர்நாடக இசையைப் பாடுவதையே நிறுத்திக்கொண்டார். இசை வரலாற்று நூல்களில் இது ஒரு வரியாகக் கடந்துபோகிறது. நான் அந்த வரியை எளிதில் கடந்து வந்ததில்லை.

அப்துல் கரீம் கானின் மகள் ஹிராபாய் பரோடேகர், நுழைவுச்சீட்டு வைத்த பொதுமேடையில் அமர்ந்து பாடிய முதல் பெண்களில் ஒருவர். அப்துல் கரீம் கானின் முதன்மைச் சீடர்களில் ஒருவர் குந்த்கோள் ராமபாவ். நாடகமேடைக்குப் போன ராமபாவுக்கு 'சவாயி கந்தர்வர்' என்ற பட்டம் வந்தது. சவாயி என்றால் ஒன்றேகால். பால கந்தர்வர் கொடிகட்டிப் பறந்த காலத்தில், இவர் அதற்கு மேலும் கால் பங்கு என்று ரசிகர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பின்னக்கணக்கில் பாராட்டுவது மராத்திக்கே உரிய அழகு. கங்குபாய் ஹூப்ளியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குந்த்கோளுக்கு ரயிலில் போய் இவரிடம் பாடம் கேட்டார்.

இவரிடம் வந்து சேர்ந்த இன்னொரு மாணவரை நேரில் கேட்ட எந்தப் பாடகரும் அனுப்பவில்லை. ஓர் ஒலித்தட்டு அனுப்பியது. 1922-இல் கதக் அருகே பிறந்த பீம்சேன் ஜோஷி, சிறுவனாக இருந்தபோது ஒரு கடையில் அப்துல் கரீம் கானின் தட்டைக் கேட்டுக் கேட்டு, பதினோராம் வயதில் வீட்டைவிட்டு ஓடினார். குருவைத் தேடி ரயிலில் சீட்டில்லாமல் வடக்கே அலைந்தார், குவாலியர்வரை போனார், கடைசியில் தன் ஊருக்கு அருகிலிருந்த குந்த்கோளுக்கே திரும்பி வந்தார். அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அடங்கும். பதிவிசை நேரிசையைக் கொன்றுவிட்டது என்று புலம்புகிறவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வது. அந்த மூன்று நிமிடம் அவரை நிறைவு செய்யவில்லை. மீதி எங்கே என்று தேட வைத்தது.

சவாயி கந்தர்வர் 1952 செப்டம்பரில் காலமானார். மறு ஆண்டு முதல் அவர் நினைவாக பீம்சேன் ஜோஷியும் சக மாணவர்களும் புனேவில் ஓர் இசைவிழாவைத் தொடங்கினார்கள். அதுதான் இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கிறது. பீம்சேன் 2011-இல் மறைந்த பிறகு அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டது. பள்ளிக்கூட மைதானத்தில் பெரும் பந்தல். கீழே விரிப்பில் உட்காருபவர்கள், பின்னால் நாற்காலிகள், இன்னும் பின்னால் பட்டாட்டா வடையும் தேநீரும். பல ஆண்டுகள் அது இரவு முழுவதும் நடந்தது. அந்தியில் தொடங்கும், கம்பளியும் குரங்குக் குல்லாயும் வெந்நீர்க் குடுவையுமாகக் குடும்பங்கள் வந்து இடம்பிடிக்கும். கடைசி இரவின் முடிவில், வெளுத்துவரும் வானத்தின் கீழே, கங்குபாயோ பீம்சேனோ விடியற்கால ராகம் பாட, ஊர் எழுந்து பால் வாங்கப் போகும் நேரத்தில் இவர்கள் வீடு திரும்புவார்கள்.

நான் அதைக் கேட்டதில்லை. என் பக்கத்தில் விரிப்பில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாணவப் பருவத்தில் விடியும்வரை கேட்டுவிட்டு அப்படியே தேர்வெழுதப் போன கதையைச் சொன்னார். தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "தேறவில்லை. ஆனால் லலித் கேட்டேன்" என்றார்.

லலித் என்பது விடியலுக்கு முந்தைய ராகம். இந்துஸ்தானி மரபில் பகலும் இரவும் மும்மூன்று மணி நேரமாக எட்டுப் பிரகரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ராகங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நம் சாமக்கணக்கும் இதற்கு உறவுதான். விளக்கேற்றும் நேரத்துக்கு மார்வா, பூரியா. முன்னிரவுக்கு யமன். பிறகு பிஹாக், பாகேஸ்ரீ. நள்ளிரவு நெருங்கும்போது தர்பாரி கானடா. அதற்கும் பின் மால்கௌன்ஸ், நம் ஹிந்தோளத்தின் ஸ்வரங்களை உடையது. விடியலை ஒட்டி லலித், பட்டியார். பொழுது புலர்ந்ததும் பைரவ். வெயில் ஏறும்போது தோடி. இந்த நேரக்கணக்கைப் பாத்கண்டே போன்றவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்டவணையாக்கி இறுக்கினார்கள். ஒரு ராகத்தின் ஸ்வரங்களில் அந்த நேரத்தின் குணம் இயற்கையாகவே இருக்கிறது என்று அவர்களைப்போல என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரு ராகத்தை ஒரே வேளையில் கேட்டுவந்தவர்களுக்கு அந்த வேளையே அதன் பகுதியாகிவிடும் என்பதை மொழி படித்தவன் மறுக்க முடியாது. சொல்லுக்குப் பொருளும் இப்படித்தான் ஏறுகிறது. நம் கோயில் நாகசுரக்காரர்களும் இதை அறிந்தவர்களே. பூபாளத்தை அவர்கள் மாலையில் எடுக்க மாட்டார்கள். சபா மேடையில் இந்த ஒழுங்கு பெரும்பாலும் கழன்றுவிட்டது. நீலாம்பரி எத்தனை மணிக்குப் பாடப்பட்டாலும் நாம் குறைசொல்வதில்லை.

இன்று புனே விழா பிற்பகலில் தொடங்கி இரவு பத்து மணிக்கு முடிகிறது. ஓரிரு நாள் நள்ளிரவுவரை சிறப்பு அனுமதி கிடைப்பதுண்டு. அதாவது தர்பாரிக்கு உரிய நேரம் வரும்போது நாம் இருசக்கர வண்டியைத் தேடிக்கொண்டிருக்கிறோம். லலித் இந்தப் பந்தலிலிருந்து மறைந்தேவிட்டது. பிரகரங்களில் ஏறக்குறைய பாதிக்கு உரிய ராகங்கள் திறந்தவெளி மேடையில் இடமிழந்துவிட்டன. சிலர் நேரத்தை மீறிப் பாடுகிறார்கள், சிலர் முன்னிரவு ராகங்களையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். இரண்டாவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரே விழாவில் எத்தனை யமன் கேட்க முடியும் என்று கேட்கும் தைரியம் இன்னும் எனக்கு வரவில்லை.

இதற்குக் காரணம் ஒரு விதி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறுவரை ஒலிபெருக்கியைத் தடைசெய்தன. 2002-இல் வந்த திருத்தம், ஆண்டுக்குப் பதினைந்து நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை நீட்டிக்க மாநில அரசுகளுக்கு இடம் கொடுத்தது. 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த விரிவான தீர்ப்பு இந்த விதிகளுக்கு முழு வலிமை கொடுத்தது. இசை வட்டாரத்தில் இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு சலிப்புப் பெருமூச்சு எழும். நானும் பெருமூச்சு விட்டவன்தான். தீர்ப்பை எடுத்துப் படிக்கும்வரை.

அந்த வழக்கின் தொடக்கத்தில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவள் வன்கொடுமைக்கு ஆளானபோது எழுப்பிய கூக்குரல் யார் காதிலும் விழவில்லை. அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தியைப் படித்த பொறியாளர் ஒருவர் 1998-இல் தொடுத்த பொதுநல வழக்குதான் இது. பேசுவதற்கு ஒருவருக்கு உரிமை இருப்பதுபோல, கேட்க மாட்டேன் என்று மறுக்க மற்றவருக்கும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்கிறது. இதைப் படித்த பிறகு, விடியற்கால லலித்தை இழந்ததற்காக நீதிமன்றத்தை நோவது எனக்கு இயலாததாகிவிட்டது. அந்தச் சிறுமியின் குரலை மூழ்கடித்தது கயால் பாட்டு அல்ல என்று வாதிடலாம். ஆனால் பந்தலுக்கு வெளியே, சுவருக்கு அப்பால், காய்ச்சலில் கிடப்பவருக்கும் மறுநாள் தேர்வுள்ள பிள்ளைக்கும் எங்கள் மால்கௌன்ஸும் இன்னோர் இரைச்சல்தான். அவர்கள் சீட்டு வாங்கி வந்தவர்கள் அல்லர், உம் கொட்ட ஒப்புக்கொண்டவர்களும் அல்லர்.

விதி தடைசெய்வது ஒலிபெருக்கியை. பாட்டை அன்று. சுவருக்குள் அடங்கும் அரங்கங்களுக்கு அது பொருந்தாது. அதனால்தான் கொல்கத்தாவில் 1952 முதல் நடந்துவரும் டோவர் லேன் இசை மாநாடு அரங்கத்துக்குள் இன்றும் இரவு முழுவதும் நீள்கிறது. ஜனவரிக் குளிரில் ஒருமுறை போயிருந்தேன், விடியலில் டிராம் ஓடத் தொடங்கும் ஓசையோடு வெளியே வந்தேன். ஒலிவாங்கி என்பது இந்த இசைக்கு முன்பே இருந்ததும் அன்று. 1930-களுக்கு முன்னால் பாடியவர்கள் குரலை வீசித்தான் பாடினார்கள். நம் நாகசுரத்துக்கு நாலு வீதி கேட்க எந்தக் கருவியும் தேவைப்பட்டதில்லை. மெல்லிய குரலை ஆயிரம் பேருக்குக் கொண்டுசேர்த்தது ஒலிவாங்கிதான். அதுவே பந்தலைப் பெரிதாக்கியது, அதுவே அதைப் பத்து மணிக்கு மூடவும் வைத்தது. மன்னர் ஒருவரிடமிருந்து ஊருக்குக் கைமாறிய தாத் கூடவே இந்தக் கருவியையும் கொண்டுவந்தது. ஊர் முழுவதற்கும் கேட்கும்படி பாடினால், கேட்க விரும்பாத ஊரும் அதில் அடங்கும்.

அப்துல் கரீம் கானின் கடைசிப் பாட்டுக்கு ஒலிவாங்கி இல்லை. 1937 அக்டோபரில் சென்னைக்கு வந்திருந்தவர், பாண்டிச்சேரி ஆசிரமத்தில் பாடுவதற்காக ரயில் ஏறினார். வழியில் நெஞ்சுவலி. சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் சீடர்கள் அவரை இறக்கினார்கள். நடைமேடையில் படுக்கையை விரிக்கச் சொன்னார், தம்பூராவுக்குச் சுருதி சேர்க்கச் சொன்னார், தர்பாரியில் இறைவனைத் தொழுது பாடியபடியே அடங்கினார் என்று சீடர் மரபு சொல்கிறது. அக்டோபர் 27. உடலை மிரஜுக்குக் கொண்டுபோய் அங்குள்ள தர்காவில் அடக்கம் செய்தார்கள். அங்கே ஆண்டுதோறும் பாடகர்கள் கூடிப் பாடுகிறார்கள். நான் செங்கல்பட்டு மின்ரயிலில் அந்த நிலையத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன், கல்லூரிக்குப் போகும் அவசரத்தில், இதெல்லாம் தெரியாமல். புனேவுக்கு வந்த பிறகு ஒரு மராத்தியர் சொல்லித்தான் எனக்கு என் ஊர்ப்பக்கத்து ரயில் நிலையத்தின் கதை தெரிந்தது. 'சிங்கபெருமால்கோயில்' என்று அவர் திணறித் திணறி உச்சரித்ததைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

சென்ற பிப்ரவரியில் அந்த வங்கிக்காரப் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். பழைய புனேயில் அவருடைய நண்பர் வீட்டு மாடியில் ஒரு பைட்டக். பைட்டக் என்றால் உட்காருதல், அவ்வளவுதான். நாற்பது பேர் இருந்திருப்போம். ஒலிவாங்கி இல்லை, மேடை இல்லை, பாடகிக்கும் எனக்கும் இடையில் இரண்டு முழம். தம்பூராவின் அதிர்வு தரை வழியாக முழங்காலுக்கு ஏறியது. மூச்சு எடுப்பது கேட்டது. தபலாக்காரர் விரலில் மாவு பூசிக்கொள்வது தெரிந்தது. இவ்வளவு அருகில் கேட்கும்போது தாத் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது. கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு சமத்தில் என்னை அறியாமல் 'ஆஹா' என்றேன், சுத்தத் தமிழில். பாடகி நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு அதே சொற்றொடரை இன்னொரு வழியில் சமத்துக்குக் கொண்டுவந்தார். அது எனக்குத்தான் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

பத்து மணி ஆனது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பதினொன்றரைக்குத் தேநீர் வந்தது. பன்னிரண்டு மணிக்குச் சற்றுப் பிறகு பாடகி தம்பூராவின் பஞ்சமத் தந்தியைத் திருகி மத்திமத்துக்குக் கொண்டுவந்தார். மால்கௌன்ஸ் வரப்போகிறது என்று கூடம் புரிந்துகொண்டு அசைந்து உட்கார்ந்தது. வீட்டுக்காரர் எழுந்து, தெருப்பக்கத்துச் சன்னல்கள் மூன்றையும் ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வந்து, தன் இடத்தில் அமர்ந்தார்.